பரிசோதனைச் செலவு யார் தலையில்?

முட்டைக்கு விலை சொல்ல நாமக்கல்லில் குழு இருக்கிறது. இன்றைக்கு இத்தனை காசு என்று அது அறிவித்துவிட்டால் கேரளத்து வியாபாரி வரை அதைக் கேட்டுத்தான் லாரியை நிறுத்துகிறான். ஜவ்வரிசிக்குச் சேலத்தில் சேகோசர்வ் இருக்கிறது. மூட்டையை இறக்கி வைத்தால் டெண்டரில் விலை முடிகிறது. பள்ளிபாளையத்துத் தறியில் மீட்டருக்கு இவ்வளவு, செவ்வாய்ப்பேட்டைப் பட்டறையில் கொலுசுக்கு இவ்வளவு, சங்ககிரி லாரியில் டன்னுக்கு இவ்வளவு என்று இந்தச் சமவெளியில் எதற்கும் கூலி உண்டு, எதற்கும் ரேட்டு உண்டு, கொடுக்க வேண்டியவன் யார், வாங்க வேண்டியவன் யார் என்று எழுதாத கணக்கும் உண்டு.

ஒரே ஒரு கணக்குக்குத்தான் பதிலில்லை. பாலியல் வன்கொடுமைக்கு ஆளான ஒரு பெண், பெரிய ஆஸ்பத்திரி தொலைவில் இருக்க, இரவு நேரத்தில் பக்கத்திலுள்ள தனியார் ஆஸ்பத்திரியின் படியேறுகிறாள் என்று வையுங்கள். அவள் உடம்பிலிருந்தும் உடையிலிருந்தும் தடயம் எடுக்கும் டாக்டருக்கு, துணை நிற்கும் நர்சுக்கு, ரத்தம் சோதிக்கும் லேபுக்கு, உடனே கொடுக்க வேண்டிய மருந்துக்கு யார் பணம் கொடுப்பது? அவளா? அவளைக் கூட்டிவந்த அண்ணனா? ஆஸ்பத்திரி முதலாளியா? சர்க்காரா?

சட்டத்தைப் படித்தவர்கள் உடனே சொல்வார்கள், ‘இலவசம்’ என்று. ஆம், இலவசம் என்றுதான் எழுதியிருக்கிறது. இலவசம் என்ற சொல்லுக்குப் பின்னால் ஒருவன் செலவழித்தாக வேண்டும் என்பது கைத்தறிக்காரனுக்கும் தெரியும், கணக்கப்பிள்ளைக்கும் தெரியும். அந்த ஒருவன் யார் என்று எழுத மறந்துவிட்டார்கள். அந்த மறதியைப் பற்றித்தான் இன்று பேசுகிறோம்.

பேசுமுன் ஒரு சொல். பழைய ஏடுகளைப் புரட்டினால் இந்தக் குற்றத்துக்குக் ‘கற்பழிப்பு’ என்று பெயர் போட்டிருப்பார்கள். எதை அழித்தான், எது அழிந்தது? திருடன் வீட்டில் புகுந்தால் வீட்டுக்காரனுடைய மானம் போயிற்று என்று எழுதுவதில்லையே! மானம் போனது குற்றம் செய்தவனுக்கு. ஆகவே அந்தச் சொல்லை நாம் எழுதுவதில்லை. தோழர்களும் கூட்டங்களில் பேசும்போது அதை விட்டுவிடுவது நலம்.

எழுதியவர்கள் எதை எழுதினார்கள்?

2012 டிசம்பர் 16-ஆம் தேதி இரவு டில்லியில் ஓடும் பஸ்ஸில் நடந்த கொடுமை நாட்டை உலுக்கிற்று. நீதிபதி ஜே. எஸ். வர்மா தலைமையில் குழு போட்டார்கள். அந்தக் குழு முப்பது நாட்களுக்குள் வேலையை முடித்து, 2013 ஜனவரி 23-இல் அறிக்கை கொடுத்தது. சர்க்கார் குழுக்கள் வருடக்கணக்கில் காப்பி குடித்துக் கலைவதைப் பார்த்துப் பழகிய நமக்கு அது ஓர் அதிசயம்தான். பிப்ரவரியில் அவசரச் சட்டம், ஏப்ரலில் நாடாளுமன்றச் சட்டம் என்று வேகமாக வந்தன.

அந்தச் சட்டம் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 357-சி என்று ஒரு பிரிவைச் சேர்த்தது. சர்க்கார் ஆஸ்பத்திரியானாலும் தனியார் ஆஸ்பத்திரியானாலும், யார் நடத்துவதானாலும், பாதிக்கப்பட்டவருக்கு முதலுதவியோ சிகிச்சையோ உடனே, இலவசமாகக் கொடுத்தாக வேண்டும். போலீசுக்கும் உடனே தகவல் தர வேண்டும். கொடுக்காமல் கைவிரித்தால் ஆஸ்பத்திரியை நடத்துகிறவருக்கு ஓராண்டு வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும். 2024 ஜூலை 1 முதல் புதுச் சட்டங்கள் நடைமுறைக்கு வந்தபோது அதே ஏற்பாடு பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் 397-ஆம் பிரிவாகவும், தண்டனை பாரதிய நியாய சன்ஹிதாவில் 200-ஆம் பிரிவாகவும் இடம் மாறி உட்கார்ந்திருக்கின்றன. (நம் ஊர் வாயில் நுழையாத பெயர்களை வைத்துவிட்டு, ஏழைக்குச் சட்டம் தெரியவில்லை என்று குறைசொல்வார்கள்! அது வேறு வழக்கு.) குழந்தைகளுக்கான போக்சோ சட்டத்தின் கீழ் வரும் குற்றங்களையும் புதுப் பிரிவு சேர்த்துக்கொண்டது. அது நல்லது.

இப்போது வாசகத்தை மறுபடி பாருங்கள். ‘முதலுதவி அல்லது மருத்துவச் சிகிச்சை’ இலவசம். தடயப் பரிசோதனை என்பது இன்னொரு பிரிவில் இருக்கிறது. பழைய சட்டத்தில் 164-ஏ, புதியதில் 184. போலீசுக்குத் தகவல் கிடைத்த 24 மணி நேரத்துக்குள் பெண்ணை டாக்டரிடம் அனுப்ப வேண்டும். பெண் சம்மதித்தால் மட்டுமே தொட வேண்டும். சர்க்கார் ஆஸ்பத்திரி டாக்டரோ உள்ளாட்சி ஆஸ்பத்திரி டாக்டரோ பார்க்க வேண்டும், அப்படிப்பட்டவர் இல்லாதபோது பதிவு பெற்ற வேறு எந்த டாக்டரும் பார்க்கலாம். ஏழு நாளைக்குள் அறிக்கை போலீசுக்குப் போக வேண்டும். எல்லாம் சரி. அந்த ‘வேறு எந்த டாக்டரும்’ என்பவருக்குக் கூலி யார் கொடுப்பது? இந்தப் பிரிவிலும் இல்லை. அந்தப் பிரிவிலும் இல்லை. தண்டனையை எழுதிய கை, பணத்தை எழுதவில்லை!

தனியார் ஆஸ்பத்திரிகளுக்கு வக்காலத்து வாங்க நாம் இங்கே வரவில்லை. பிரசவத்துக்குப் போனவளின் தாலிச்சரட்டை அடகுக் கடைக்கு அனுப்பிய ஆஸ்பத்திரிகளை நாம் பார்த்திருக்கிறோம். ஆனால் கணக்கு என்றால் கணக்கு. ஒரு வேலையைச் செய் என்கிறாய், செய்யாவிட்டால் சிறை என்கிறாய், கூலி மட்டும் சொல்லமாட்டேன் என்கிறாய். அப்படியானால் அவன் என்ன செய்வான்? கதவை மூடமாட்டான், மூடினால் குற்றம். ‘லேடி டாக்டர் லீவு’ என்பான். ‘இது போலீஸ் கேஸ், பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்கள்’ என்பான். ‘முதலில் ஸ்டேஷனில் லெட்டர் வாங்கி வாருங்கள்’ என்பான். சேர்த்துக்கொண்டாலும், ‘தடயப் பரிசோதனை’ என்று பில் போடமாட்டான். படுக்கை, லேப், மருந்துக் கடை என்று மூன்று துண்டாகப் பிரித்துக் கொடுப்பான். இலவசம் என்று சட்டம் சொன்னது. பணம் கட்டியது தறிக்காரன். எந்தத் தணிக்கைக்காரர் கண்ணிலும் அது படாது.

ஸ்டேஷனில் லெட்டர் வாங்கி வா என்கிற பேச்சு சட்டத்தில் இல்லாத பேச்சு என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறோம். போலீசு அனுப்பாமல் நேரே வந்தாள் என்பதற்காக ஒரு பெண்ணைப் பரிசோதிக்க மறுத்த சங்கதி, கர்நாடகத்து மஞ்சண்ணா வழக்கில் சுப்ரீம் கோர்ட் வரை போயிற்று. அப்படி மறுப்பது தவறு என்று 2000-ஆம் ஆண்டிலேயே கோர்ட் கண்டித்துவிட்டது. குழந்தைகள் விஷயத்தில் போக்சோ விதிகள் இன்னும் வெளிப்படை: எந்தக் காகிதமும், எந்த மாஜிஸ்ட்ரேட்டின் உத்தரவும் கேட்கக் கூடாது, முதலில் வைத்தியம்.

ஒரு மணி நேரத்தில் என்ன நடக்கிறது?

செலவு என்று சொல்லுகிறோமே, எதற்குச் செலவு? இது தெரிந்தால்தான் வாதாட முடியும். ஆண் பிள்ளைகளுக்கு இது எதற்கு என்று யாரும் பக்கத்தைப் புரட்ட வேண்டாம். அந்த இரவில் எந்த ஆஸ்பத்திரிக்குப் போவது, போவதா வேண்டாமா என்று முடிவு செய்கிறவன் பெரும்பாலும் அப்பன், அண்ணன், புருஷன், அல்லது ஆலையின் ஆள்பிடிக்கும் ஏஜெண்டு. அந்த முடிவு தப்பானால் வழக்கும் போயிற்று, சில வேளை உயிரும் போயிற்று.

மத்திய சுகாதார அமைச்சகம் 2014-இல் ஒரு நெறிமுறை வெளியிட்டது. அதன்படி, குற்றம் நடந்து 96 மணி நேரம் வரை, அதாவது நான்கு நாட்கள் வரை, உடம்பிலிருந்து தடயம் எடுக்கலாம். நாள் ஆக ஆகத் தடயம் தேயும். குளித்தால், உடுத்தியதைத் துவைத்தால் வேகமாகத் தேயும். ‘முதலில் குளித்துவிட்டு வா’ என்பதுதான் நம் வீட்டுக் கிழவிகளின் முதல் வார்த்தை. அன்போடு சொல்கிறாள், ஆனால் அது குற்றவாளிக்குச் செய்கிற உதவியாக முடிகிறது. உடுத்தியிருந்த துணியை அப்படியே, காகித உறையில் வைக்க வேண்டும். பிளாஸ்டிக் பையில் போடக் கூடாது. ஈர நூலைக் கட்டி மூட்டைக்குள் வைத்தால் என்ன கதியாகும் என்று தறிக்காரனுக்கு நாம் சொல்லித் தர வேண்டியதில்லை. பூஞ்சை பிடிக்கும். துணிக்கும் அப்படித்தான், டாக்டர் பஞ்சுக் குச்சியில் எடுக்கும் மாதிரிக்கும் அப்படித்தான். நிழலில் உலர்த்தி, உறையிலிட்டு, சீல் வைத்து, யார் கையிலிருந்து யார் கைக்கு எப்போது போயிற்று என்று எழுதி, தடய அறிவியல் ஆய்வகத்துக்கு அனுப்ப வேண்டும். அந்த ஆய்வகம் சேலத்திலேயே ஒன்று இருக்கிறது. ஒரு கையெழுத்து விட்டுப்போனால் எதிர்க்கட்சி வக்கீல் அதைப் பிடித்துக்கொண்டு முழு வழக்கையும் உருட்டிவிடுவார்.

இது தடயம். வைத்தியம் வேறு. எச்.ஐ.வி. தொற்றாமல் தடுக்கும் மருந்தை 72 மணி நேரத்துக்குள் தொடங்க வேண்டும், முந்தினால் நல்லது. கருத்தரிக்காமல் தடுக்கும் மாத்திரையும் நேரத்தோடு போட்டிபோடுவதுதான். மஞ்சள் காமாலைத் தடுப்பூசி, காயத்துக்குத் தையல், கர்ப்பச் சோதனை, சின்னப் பெண்ணானால் வயதறிய எக்ஸ்ரே, பிறகு மனம் தேற ஆலோசனை, மாதக்கணக்கில் மறுபரிசோதனை. ஒரு டாக்டரும் ஒரு நர்சும் மணிக்கணக்கில் உட்கார்ந்து, அவசரப்படாமல், ஒவ்வொரு அடிக்கும் சம்மதம் கேட்டுக் கேட்டுச் செய்ய வேண்டிய வேலை இது. அறிக்கையின் நகலை அந்தப் பெண்ணுக்கே இலவசமாகக் கொடுக்க வேண்டும் என்றும் நெறிமுறை சொல்கிறது. கேட்டு வாங்குங்கள்.

செய்யக் கூடாத ஒன்றையும் சொல்ல வேண்டும். ‘இரண்டு விரல் சோதனை’ என்று ஓர் அநாகரிகம் நெடுங்காலம் நடந்துவந்தது. பெண் ‘பழகியவளா’ என்று பார்க்கிறார்களாம்! 2013-இல் சுப்ரீம் கோர்ட் அதைக் கண்டித்தது. 2022 ஏப்ரலில் சென்னை ஐகோர்ட், அதைத் தமிழ்நாட்டில் உடனே தடைசெய்யும்படி மாநில சர்க்காருக்கு உத்தரவிட்டது. அதே ஆண்டு அக்டோபரில் சுப்ரீம் கோர்ட் மறுபடியும், இனி அதைச் செய்கிற டாக்டர் ஒழுங்கீனம் புரிந்தவராவார் என்று அழுத்தந்திருத்தமாகச் சொல்லிற்று. மூன்று முறை சொல்ல வேண்டியிருந்தது என்பதிலிருந்தே, சொல்வதற்கும் நடப்பதற்கும் எத்தனை தூரம் என்று கணக்கிட்டுக் கொள்ளலாம்.

தடயம் எடுக்கும் பெட்டி ஒன்று இருக்கிறது. பஞ்சுக் குச்சி, கண்ணாடித் தகடு, சீப்பு, நகவெட்டி, ரத்தக் குப்பிகள், உறைகள், அரக்கு எல்லாம் அதற்குள் தயாராக அடுக்கியிருக்கும். மத்திய சர்க்கார் நிர்பயா நிதியிலிருந்து அப்படிப்பட்ட பெட்டிகளை மாநிலங்களுக்கு அனுப்பியதாகப் பெருமையோடு நாடாளுமன்றத்தில் சொன்னது. எத்தனை? நாடு முழுவதற்கும் 14,950. குற்றப் பதிவேட்டுக் கணக்கின்படி 2022-ஆம் ஆண்டு ஒன்றில் மட்டும் நாட்டில் பதிவான பாலியல் வன்புணர்வு வழக்குகள் 31,516. குழந்தைகளின் வழக்குகள் இதற்கு வெளியே வேறு இருக்கின்றன. ஒரு வருடத்து வழக்கில் பாதிக்குக்கூடப் பெட்டி இல்லை! நிர்பயா நிதி 2013-இல் 1,000 கோடி ரூபாயோடு தொடங்கியது. ஆண்டுக்கணக்கில் செலவாகாமல் தேங்கியது என்று எதிர்க்கட்சிகளும் கோர்ட்டும் கேட்டார்கள். பணம் இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. பணம் இருந்தது, பஞ்சுக் குச்சி இல்லை.

சேலம் சிறையில் கழிந்த நாட்கள்

தடயம் கிடைக்காவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு நாம் வெகுதூரம் போக வேண்டாம். 1992 ஜூன் 20. தருமபுரி மாவட்டம், அரூர் வட்டம், வாச்சாத்தி. சந்தனக் கட்டை தேடுகிறோம் என்று வனத்துறையும் போலீசும் வருவாய்த்துறையும் படையெடுத்துப் புகுந்த மலைவாழ் மக்களின் ஊர். வீடுகளை நொறுக்கினார்கள், ஆடு மாடுகளைக் கொன்றார்கள், தானியத்தைப் பாழாக்கினார்கள், கிணற்றைக் கெடுத்தார்கள். பதினெட்டுப் பெண்களைச் சர்க்கார் உடுப்புப் போட்டவர்கள் வன்கொடுமைக்கு ஆளாக்கினார்கள். பிறகு என்ன செய்தார்கள்? ஆஸ்பத்திரிக்கா கொண்டுபோனார்கள்? 90 பெண்களையும் 28 குழந்தைகளையும் சேர்த்து 133 பேரைக் கைதிகளாக்கினார்கள். பெண்களைச் சேலம் மத்திய சிறையில் அடைத்தார்கள்.

ஆம், நம் சேலத்தில்தான். தடயம் சொல்லியிருக்க வேண்டிய நாட்கள் இந்த ஊர்ச் சிறைச் சுவருக்குள் கழிந்தன. வெளியே, அப்படி எதுவும் நடக்கவே இல்லை என்று ஆட்சியாளர்கள் சாதித்தார்கள். மலைவாழ் மக்கள் சங்கமும் மார்க்சிஸ்ட் கட்சித் தோழர்களும் ஊருக்குள் போய் விஷயத்தை வெளியே கொண்டுவந்தார்கள், கோர்ட் படி ஏறினார்கள், 1995-இல் சி.பி.ஐ. விசாரணை வந்தது. 2011 செப்டம்பர் 29-இல் தருமபுரி கோர்ட் தீர்ப்புச் சொன்னது. குற்றம் சாட்டப்பட்ட 269 பேரில் 54 பேர் அதற்குள் இறந்துவிட்டார்கள்; மிச்சமிருந்த 215 பேரும் குற்றவாளிகள். 2023 செப்டம்பர் 29-இல் சென்னை ஐகோர்ட் அதை உறுதிசெய்து, பதினெட்டுப் பெண்களுக்கும் தலைக்குப் பத்து லட்சம் ரூபாய் கொடுக்கும்படியும், அதில் பாதியைக் குற்றவாளிகளிடமிருந்து வசூலிக்கும்படியும் உத்தரவிட்டது.

முப்பத்தொரு ஆண்டு! அந்த வழக்கு பெரிதும் நின்றது அந்தப் பெண்களின் சாட்சியத்தின் மேல். கோர்ட்டுக்குக் கோர்ட்டு ஏறி, அதே கதையைத் திரும்பத் திரும்ப அந்நிய ஆண்களின் முன்னால் சொல்லி, விரல் நீட்டி ஆளைக் காட்டி, பெண்களே தங்கள் வழக்கை முதுகில் சுமந்தார்கள். அந்த உறுதி எல்லாருக்கும் வாய்க்குமா? வாய்க்க வேண்டும் என்று எதிர்பார்க்கத்தான் நமக்கு என்ன உரிமை? ஓர் உறையும் நான்கு பஞ்சுக் குச்சியும் ஒரு நேர்மையான டாக்டரும் அந்த வாரத்தில் இருந்திருந்தால் அந்தச் சுமையில் ஒரு பகுதியாவது குறைந்திருக்கும்.

அதே தருமபுரி மாவட்டத்தில், 2018 நவம்பரில், மலையோரத்து மாணவி ஒருத்தியின் கதியும் நமக்குத் தெரியும். நேரே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டியவளை முதலில் காப்பகத்துக்கு அனுப்பினார்கள் என்று ஊரே கொதித்தது. சில நாட்களில் அவள் ஆஸ்பத்திரியில் இறந்துபோனாள். இது வாச்சாத்திக் காலம் அல்ல. சட்டம் வந்து ஐந்தாண்டுக்குப் பிறகு.

லாரிக்காரனுக்கு உண்டு, அவளுக்கு இல்லையா?

கூலியை யார் கொடுப்பது என்ற கேள்விக்குப் பதில், நம் கண்ணெதிரே நெடுஞ்சாலையில் ஓடிக்கொண்டிருக்கிறது. 2021 டிசம்பரில் தமிழ்நாட்டு சர்க்கார் ‘இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48’ என்ற திட்டத்தைத் தொடங்கியது. சாலை விபத்தில் அடிபட்டவர்களுக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சை இலவசம். சர்க்கார் ஆஸ்பத்திரியில் மட்டுமல்ல, திட்டத்தில் சேர்ந்த தனியார் ஆஸ்பத்திரியிலும். 81 வகைச் சிகிச்சைக்கு விலை முன்கூட்டியே முடிவாகியிருக்கிறது. ஒருவருக்கு ஒரு லட்சம் ரூபாய் வரை என்று தொடங்கினார்கள். இன்சூரன்ஸ் அட்டை உண்டா என்று கேட்பதில்லை. எந்த ஊர், எந்த மாநிலம் என்று கேட்பதில்லை. தப்பு யார்மேல் என்று கேட்பதில்லை. ஆஸ்பத்திரி பார்க்கிறது, சர்க்கார் கொடுக்கிறது.

நல்ல திட்டம். தாராளமாகச் சொல்கிறோம், நல்ல திட்டம். சேலம்–நாமக்கல் சாலையில் லாரி ஓட்டுகிற எத்தனையோ வீடுகளுக்கு அதன் அருமை தெரியும். நாம் கேட்பதெல்லாம் இதுதான்: அதே 48 மணி, அதே தனியார் ஆஸ்பத்திரி, அதே கஜானா. தறிப்பட்டறையிலிருந்து வரும் பெண்ணுக்கு மட்டும் ஏன் அந்தக் கதவு திறக்கவில்லை? மண்டை உடைந்தவனுக்கு ரேட்டுப் புத்தகம் போட முடிந்த அதிகாரிகளுக்கு, இந்தப் பரிசோதனைக்கும் வைத்தியத்துக்கும் ஒரு ரேட்டு எழுத எத்தனை நாள் ஆகும்?

எழுதும்போது ஒன்றைக் கவனிக்க வேண்டும். இன்சூரன்ஸ் அட்டை வழியாக இதைக் கொடுத்தால் போதாதா என்று சிலர் கேட்பார்கள். போதாது, அது ஆபத்தும்கூட. அட்டை குடும்பத்துக்கு ஒன்று. குற்றவாளியே அந்தக் குடும்பத்துக்குள் இருந்தால்? 2024 டிசம்பரில் டில்லி ஐகோர்ட் முன் வந்த வழக்கில் குற்றம் சாட்டப்பட்டவன் பெற்ற தகப்பன்! அந்த வழக்கில்தான், எல்லா ஆஸ்பத்திரிகளும் நர்சிங் ஹோம்களும் இப்படிப்பட்டவர்களுக்கு இலவசமாகச் சிகிச்சை தந்தே தீர வேண்டும் என்று அந்தக் கோர்ட் விரிவாக உத்தரவிட வேண்டியிருந்தது. ஆலைத் தொழிலாளியின் இ.எஸ்.ஐ. காகிதம் ஆலை ஆபீசின் மேஜையைத் தொடும்; சூப்பர்வைசரைப் பற்றிய வழக்கில் சூப்பர்வைசர் கையிலேயே காகிதம் போய்ச் சேர்ந்தால் என்ன ஆகும்? எனவே பில்லில் பெயர் வேண்டாம், எண் போதும். வீட்டுக்கு ஒரு காகிதமும் வர வேண்டாம். ஆஸ்பத்திரிக்கும் சர்க்காருக்கும் இடையில் முடியட்டும். பாதிக்கப்பட்டவரின் பெயரை வெளியிடுவது குற்றம் என்று சட்டமே சொல்கிறதே, பில்லுக்கு மட்டும் விதிவிலக்கா?

வெளிநாட்டிலும் இந்தச் சண்டை நடந்திருக்கிறது. அமெரிக்காவில் பரிசோதனைக்கான பில்லைப் பாதிக்கப்பட்ட பெண்ணுக்கே அனுப்பிய ஊர்கள் இருந்தன. பணக்கார நாட்டின் லட்சணம்! 1994-இல் வந்த சட்டம், மத்திய உதவித் தொகை வேண்டுமானால் மாநிலங்கள் இந்தப் பரிசோதனைச் செலவைத் தாங்களே ஏற்க வேண்டும் என்றது. அலாஸ்கா மாநிலத்தில் அதற்குப் பிறகும் பில் போய்க்கொண்டிருந்து, 2000-இல் தனிச் சட்டம் போட்டு நிறுத்தினார்கள். 2005-இல் இன்னும் ஓர் அடி வைத்தார்கள்: பெண் போலீசில் வழக்குக் கொடுத்தாலும் கொடுக்காவிட்டாலும் செலவு சர்க்காருடையதே. இங்கிலாந்தில் மான்செஸ்டர் செயின்ட் மேரீஸ் ஆஸ்பத்திரியில் 1986-லேயே இதற்கென்று தனி மையம் திறந்து, வைத்தியம், தடயம், ஆறுதல் மூன்றையும் ஒரே கூரையின்கீழ் வைத்தார்கள். நம் நாட்டில் 2015 முதல் ஒருங்கிணைந்த சேவை மையங்கள் மாவட்டந்தோறும் வந்திருக்கின்றன. 181 என்ற எண்ணுக்குப் போன் செய்தால் வழி சொல்வார்கள். அவை இருப்பது நல்லது. ஆனால் தனியார் ஆஸ்பத்திரி பில்லைக் கட்டுவது அவற்றின் வேலையாக இல்லை.

‘எல்லாரும் சர்க்கார் ஆஸ்பத்திரிக்கே போகட்டுமே, தனியாருக்கு எதற்குக் கொட்டிக் கொடுக்க வேண்டும்?’ என்று நம் தோழர்களிலேயே சிலர் கேட்கக் கூடும். நியாயமான கேள்வி, நம் மனமும் அங்கேதான் நிற்கிறது. சேலத்தில் மோகன் குமாரமங்கலம் பெயரிலுள்ள மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி இருக்கிறது. நாமக்கல்லில் 2022 ஜனவரியில் மருத்துவக் கல்லூரி திறந்தாயிற்று. ராசிபுரம், திருச்செங்கோடு, ஆத்தூர், மேட்டூர் என்று வட்டந்தோறும் சர்க்கார் ஆஸ்பத்திரிகள் இருக்கின்றன. முதலில் அங்கே போவதே சரி. டாக்டருக்குப் பழக்கம் இருக்கும், ஆய்வகத்துக்கு வழி தெரிந்திருக்கும். ஆனால் கொல்லிமலையின் எழுபது கொண்டைஊசி வளைவுகளை இறங்கி வர வேண்டியவள், ஆலை விடுதியின் பூட்டிய கேட்டைத் தாண்டி ஓடிவந்தவள், ரத்தம் நிற்காமல் ஒழுகுகிறவள், எதிரே தெரிகிற விளக்கை நோக்கித்தான் ஓடுவாள். அது யாருடைய விளக்கு என்று பார்க்கச் சொல்வது மனிதத்தனமா?

பொய்ப் பில் போடுவார்கள் என்கிறார்கள். போடத்தான் பார்ப்பார்கள்! அதற்குத்தான் ரேட்டும் தணிக்கையும். விபத்துத் திட்டத்தில் எப்படித் தடுக்கிறார்களோ அப்படியே தடுக்கட்டும். பொய்ப் புகார் வரும் என்கிறார்கள். நான்கு நாள் குளிக்காமல், மணிக்கணக்கில் மேஜையில் படுத்து, ஊரெல்லாம் பேச்சு வாங்க ஆசைப்பட்டு எவளும் வரமாட்டாள். இதற்கு மேல் அந்த வாதத்துக்கு மதிப்புக் கொடுக்க நமக்கு மனமில்லை.

இழப்பீடு இருக்கிறதே, அதிலிருந்து ஆஸ்பத்திரிக்குக் கட்டலாமே என்று ஒரு யோசனையும் காதில் விழுகிறது. தேசியச் சட்டப் பணிகள் ஆணையம் வகுத்து 2018 அக்டோபர் முதல் நடைமுறைக்கு வந்த திட்டப்படி வன்புணர்வுக்கு ஆளானவருக்கு 4 லட்சம் முதல் 7 லட்சம் வரை, கூட்டு வன்புணர்வானால் 5 லட்சம் முதல் 10 லட்சம் வரை இழப்பீடு உண்டு. மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் மனுக் கொடுக்க வேண்டும். இடைக்கால நிவாரணமும் கேட்கலாம். அந்தப் பணம் அவள் மறுபடி எழுந்து நிற்க. வேலை போயிருக்கும், படிப்பு நின்றிருக்கும், வீடு மாற வேண்டியிருக்கும். அதில் ஆஸ்பத்திரி கை வைப்பதா? பிணத்தின் கால் கொலுசைக் கழற்றுகிற வேலைக்கும் அதற்கும் நமக்கு வித்தியாசம் தெரியவில்லை.

டாக்டர்கள் பக்கத்திலும் ஒரு நியாயம் இருக்கிறது. அதையும் மறைக்கக் கூடாது. பரிசோதனை ஒரு நாள் வேலை. சாட்சி சொல்வது பல வருட வேலை. சம்மன் வரும், ஆஸ்பத்திரியை விட்டு கோர்ட்டுக்குப் போக வேண்டும், வாய்தா போடுவார்கள், திரும்பி வர வேண்டும். இதற்குப் பயந்தே ஒதுங்குகிற நல்ல டாக்டர்கள் உண்டு. புதிய நடைமுறைச் சட்டம் சாட்சியத்தை ஒளி-ஒலிக் கருவி வழியாகவும் பதிவு செய்ய இடம் தருகிறது. மாவட்ட கோர்ட்டுகள் அந்த வசதியை டாக்டர்களுக்கு முதலில் கொடுக்கட்டும். கோர்ட்டுக்கு வந்த நாளுக்கான படியும் பரிசோதனை ரேட்டோடு சேரட்டும். கூலி இல்லாத வேலைக்கு ஆள் வராது என்பதைத் தொழிற்சங்கக்காரர்களாகிய நாம் ஒப்புக்கொள்ளாவிட்டால் யார் ஒப்புக்கொள்வார்கள்?

கிளைத் தோழர்களுக்கு இந்த மாதம் ஒரு வேலை. உங்கள் வட்டத்துச் சர்க்கார் ஆஸ்பத்திரிக்கு இரண்டு பேர், அதில் ஒருவராவது மாதர் சங்கத் தோழர், போய் மூன்று விஷயம் கேட்டு வாருங்கள். தடயப் பெட்டி இருப்பில் எத்தனை, அதன் மேல் எழுதிய காலாவதித் தேதி என்ன, இரவு நேரத்தில் பரிசோதிக்கும் டாக்டர் யார். பதிலை எழுதி வாங்குங்கள். வாயால் சொன்னால் ஏற்க வேண்டாம். பிறகு பக்கத்திலுள்ள பெரிய தனியார் ஆஸ்பத்திரி ஒன்றுக்கும் போய், 397-ஆம் பிரிவின்படி நீங்கள் பார்த்த சிகிச்சைக்கான செலவை யாரிடம் கேட்பீர்கள் என்று கேளுங்கள். அவர்கள் விழிப்பார்கள். அந்த விழிப்பையும் எழுதிக்கொள்ளுங்கள். இரண்டையும் சேர்த்து, விபத்துத் திட்டத்தின் ரேட்டுப் பட்டியலில் இந்தப் பரிசோதனையையும் வைத்தியத்தையும் சேர்க்க வேண்டும் என்ற ஒற்றை வரிக் கோரிக்கையோடு, திங்கட்கிழமைக் குறைதீர்க்கும் நாளில் சேலத்திலும் நாமக்கல்லிலும் கலெக்டர் மேஜையில் வையுங்கள். மனு எண்ணையும் ரசீதையும் வாங்காமல் திரும்ப வேண்டாம்.